பூங்கா இருக்கிறது, கதவு எங்கே?

திருவான்மியூரில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் பறக்கும் ரயிலில் ஏறினேன். பெருங்குடி நிலையத்தில் இறங்கினால் பெரிய கூடம், சின்னக் கூட்டம். நடைமேடையிலிருந்தே அடுக்குமாடிகளின் பால்கனிகளில் காயும் துணி தெரிகிறது. 'ஸ்டேஷனுக்கு மூன்றே நிமிட நடை' என்று வீடு விற்கும் நோட்டீஸ் ஒன்றில் போட்டிருந்தார்கள். அதை நடந்து பார்ப்பதற்குத்தான் வந்தேன்.

மூன்று நிமிடத்தில் ரயில்பாதைத் தூண்களை ஒட்டிய சாலையின் முதல் திருப்பத்தைத்தான் தாண்டியிருந்தேன். நடைபாதையில் கொஞ்ச தூரம் பைக்குகள், அப்புறம் ஜல்லிக் குவியல். அதற்கப்பால் நடைபாதையே இல்லை. வழியில் ஓர் இளநீர், 60 ரூபாய். குடியிருப்பின் வாசலைத் தொட்டபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

உள்ளே குடியிருக்கும் நண்பர் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே காவலாளி விட்டார். முதலில் செட்பேக்கைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமான கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் காலியாக விடச் சொல்கின்றன. உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் கூட விட வேண்டும். காலடி வைத்து அளந்தேன், குறைவில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய இடம் அது. தரை முழுக்க சிமென்ட் கல். சுவரோரம் டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், நான்கைந்து கார்கள். டீசல் வாடை அடித்தது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"பார்க் பின்னாடி இருக்கு, வாங்க" என்றார் நண்பர்.

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனை என்றால், இடம் விட முடியாதபோது அதன் விலையைக் கட்டிவிடலாம். பெரிய மனைக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தக் குடியிருப்பு நான்கு ஏக்கர் என்றார் நண்பர். அப்படியானால் கிட்டத்தட்ட ஏழு கிரவுண்டு வர வேண்டும். நீளம் 64 காலடி, அகலம் 44. கணக்கு சரியாகவே வந்தது. புங்க மர நிழல், ஊஞ்சல், எட்டு வடிவ நடைபாதை எல்லாம் இருந்தன. பகல் பதினொரு மணிக்கு ஆள்தான் இல்லை.

"இது அசோசியேஷன் பார்க் சார், வெளியாளுக்குக் கிடையாது" என்றார் அங்கிருந்த காவலாளி. தெருப்பக்கச் சுவரில் பெயின்ட் உரிந்த எழுத்துகளில் 'ஓ.எஸ்.ஆர்.' இன்னும் படிக்க முடிந்தது. அதன் பக்கத்திலேயே தெருவுக்குத் திறக்கும் ஒரு இரும்புக் கேட். பூட்டு துருவேறியிருந்தது, முன்னால் நான்கு குரோட்டன்ஸ் தொட்டிகள்.

கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் அடுத்த குடியிருப்பின் சுவர், சுவருக்கு மேல் ரயில் நிலையத்தின் கூரை. அந்தக் குடியிருப்பிலும் இதே போல ஒரு செட்பேக், ஒரு கேட், ஒரு பூட்டு. இரண்டும் திறந்திருந்தால் நிழலிலேயே நிலையத்துக்குப் போய்விடலாம். நோட்டீஸின் மூன்று நிமிடம் ஐந்தாகியிருக்கும், அவ்வளவுதான்.

திரும்பும்போது வீட்டு வேலை முடித்து ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவுடன் சேர்ந்து நடந்தேன். பூங்கா வழியாகப் போகக் கூடாதா என்று கேட்டேன். "எங்களை எங்க சார் விடுவாங்க? தினம் இந்த வெயில்லதான் சுத்தறோம்" என்றார்.

விதி கேட்ட அடியெல்லாம் இங்கே விடப்பட்டிருக்கிறது. வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிறவர்கள் பத்து சதவீதத்தைச் சரிபார்ப்பதோடு, கேட் எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்பதையும் எழுதி வாங்கலாம். வீடு வாங்கப் போகிறவர்கள், நோட்டீஸில் சொன்ன நிமிடங்களை ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள்.