செல்லியோட இடது கொம்பு

நான் பென்சில்ல மிருகம் வரையறேன்னு தெரிஞ்சதுல இருந்து ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு சிங்கம், இன்னொண்ணு அவங்க வீட்டு நாய். சிங்கம் சுலபம். பிடரி மயிரை நல்லா இழுத்து விட்டுட்டா "அட, போட்டோ மாதிரியே இருக்கே"ன்னுடுவாங்க. தப்பு வெளிய தெரியாது. நம்மள்ல யாரு சிங்கத்தைப் பக்கத்துல போய்ப் பாத்திருக்கோம்? :-)

போன வருஷம் அம்மா கேட்டாங்க. "நம்ம செல்லிய வரைஞ்சு குடேன் தம்பி."

செல்லி எங்க எருமை. பெரம்பலூர் மாவட்டத்துல குன்னம் பக்கம் எங்க கிராமம். நான் இப்ப அரியலூர்ல குப்பை கொட்டறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, குந்தி உக்காந்து பால் கறக்க முடியாம போனப்ப, 2011ல செல்லிய வித்துட்டோம். "வித்துட்டோம்"னு பொத்தாம்பொதுவா சொல்றேன். வித்துடலாம்னு சொன்னது நான்தான். வியாபாரி ஓட்டிட்டுப் போனப்ப அம்மா கொல்லைப்பக்கமே இருந்துட்டாங்க, வாசலுக்கு வரவே இல்ல.

இருக்கறது ஒரே ஒரு போட்டோ. அக்கா கல்யாணத்துக்கு எடுத்த குரூப் போட்டோ. அதுல பின்னாடி ஓரமா செல்லியோட பாதி மூஞ்சி. இடது கொம்பு மாமா தலைக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு.

சரி, பாத்துக்கலாம்னு உக்காந்தேன். இங்க பென்சில் பத்தி ரெண்டு வரி. 1795ல நிக்கோலா ஜாக் கோன்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைஞ்சு சுட்டெடுத்தார். களிமண் கூடினா எச், கிராஃபைட் கூடினா பி. 8பியை அழுத்தித் தேச்சா அட்டக்கருப்பு வராது, பளபளன்னு மின்னும். கருப்பு நாய் வரையறவங்களுக்கு அது பெரிய தலைவலி. எருமைக்கு அதுவே வரம்! குளத்துல இருந்து ஏறி வர்ற எருமை அந்த நிறம்தானே? அங்கங்க நிக்கிற முடிக்கு, மை தீர்ந்த ரீஃபிலால முதல்லயே பேப்பர்ல அழுத்திக் கீறிக்கணும். அப்புறம் மேல பென்சில் ஓட்டினா கீறின பள்ளம் மட்டும் வெள்ளையா நிக்கும்.

மூணு வாரம் ஆச்சு. கொண்டுபோய்க் குடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க.

"நல்லாருக்கு. எந்த ஊரு எருமை இது?"

சப்புன்னு ஆயிடுச்சு.

1515ல குஜராத்துல இருந்து லிஸ்பனுக்கு ஒரு காண்டாமிருகம் போச்சு. ஜெர்மனியில இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேர்ல பாக்காமலே, வந்த விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வச்சு வரைஞ்சார். முதுகு மேல இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் சேத்துட்டார். ஐரோப்பாவுல ரொம்ப காலம் அதையே நிஜம்னு நம்பினாங்க. பாவம், அவர் பாத்ததே இல்ல. நான் பத்து வருஷம் அதே தொழுவத்துல பல்லு விளக்கினவன்.

அம்மா சொல்லச் சொல்லத் திருத்தினேன். இடது கொம்பு நுனி தொட்டியில இடிச்சு மழுங்கிப் போனது. வலது காதுல ஒரு கிழிசல். "கண்ணு இப்படி முறைக்காதுடா. பருத்திக்கொட்டை வாசம் வந்தா பாதி மூடிக்கும்." எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. அம்மா கண்ணை மூடிக்கிட்டு, கையைக் காத்துல தடவித் தடவிச் சொன்னாங்க.

அடுத்த வாரம் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். அந்தப் பெரிய நந்தி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். தஞ்சாவூர் நந்தி மாதிரி ஒரே கல்லுல செதுக்கினது இல்ல, கட்டி எழுப்பினது. ஆனா மாட்டோட இருந்தவன் வேலைன்னு பாத்ததும் தெரியுது. எருமைக்கு மட்டும் நம்மகிட்ட எப்பவும் மரியாதை இல்ல. ஒண்ணு மகிஷாசுரன், இல்லன்னா எமனுக்கு வண்டி. கால்நடைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டு எருமைங்க 2012ல சுமார் 7.8 லட்சம், 2019ல சுமார் 5.2 லட்சம். குறைஞ்சதுல எங்க செல்லி இல்ல, அது அந்தக் கணக்குக்கு முன்னாடியே போயிடுச்சு.

ரெண்டாவது படத்தைக் குடுத்தப்ப அம்மா ஒண்ணும் பேசல. வழக்கமா பண்ற மாதிரி மூக்கைத் தடவிக் குடுத்தாங்க. கிராஃபைட் ஈஷிக்கிச்சு. "அய்யய்யோ, கெடுத்துட்டேனா?"ன்னு விரலைப் பாத்தாங்க.

அழிச்சுட்டு மறுபடி போடறது அஞ்சு நிமிஷ வேலை. போடல. அந்தத் தீத்தல் அப்படியே இருக்கு.

உங்க வீட்டுல ஆடோ, மாடோ, எருமையோ இருந்தா, வரையத் தெரியலன்னாலும் பரவால்ல, விக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் எதிர்ல உக்காந்து நல்லாப் பாத்துடுங்க. எந்தக் கொம்பு மழுங்கியிருக்குன்னாவது தெரிஞ்சு வச்சுக்கலாம்.