தீப்பெட்டி இல்லாத பயணம்

சிவகாசியிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் விளிம்பில் நீலக்கோடு போல ஒரு மலைத்தொடர் தெரியும். மழை ஓய்ந்த காலைப்பொழுதில் அது மிக அருகில் நிற்பதாகத் தோன்றும். கோடையில் புழுதித் திரைக்குப் பின்னே மறைந்துவிடும். கரிசல் நிலத்தில் பிறந்து, தீப்பெட்டியும் பட்டாசும் செய்து வாழும் மக்களுக்கு அக்காட்சி புதிதன்று. நாள்தோறும் காண்பதாலேயே அதைக் கூர்ந்து காணாமல் கடந்துவிடுவோர் பலர்.

சிவகாசியை அடுத்த சிற்றூர் ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அம்மலைக்குச் செல்லத் திட்டம் தீட்டினாள். அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு காணொலி. வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டியை ஒரு தனித்தீவு என்று வருணித்த அக்காணொலி, 2025ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பரவியது. அதைக் கண்டு பலர் அவ்வூரைத் தேடி வந்தனர். கூமாப்பட்டியைச் சுற்றிக் கடல் இல்லை. மலையடிவாரமும் தென்னந்தோப்புகளும் வயல்களும் பிளவக்கல் அணைகளும் சேர்ந்து, வறண்ட சமவெளியிலிருந்து வருவோர் கண்ணுக்கு அதனைத் தீவாக்குகின்றன. அங்கிருந்து சதுரகிரி மலையேறி, மேலே கூடாரம் அமைத்து ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்பது அவள் எண்ணம்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுவதும் பட்டியல் நிறைந்தது. கூடாரம், பாய், கைவிளக்கு, தண்ணீர்ப் போத்தல், சமைக்க ஒரு சட்டி, அரிசி, பருப்பு, தீப்பெட்டி. வேலை முடிந்து வந்த தந்தை அதனை வாங்கிப் படித்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து ஒரே ஒரு சொல்லை அடித்தார். தீப்பெட்டி என்னும் சொல் அது.

“தீப்பெட்டி ஊருல பொறந்துட்டு தீப்பெட்டி இல்லாமப் போறதாப்பா?” என்று மகள் சிரித்தாள்.

“தீப்பெட்டி ஊருல பொறந்ததாலதாம்மா சொல்றேன்” என்றார் அவர்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை அவருடையது. ஆலையின் வாயிலிலேயே தீப்பெட்டியும் கைப்பேசியும் நின்றுவிடும். உராய்வில் மின்பொறி எழக்கூடும் என்பதால் நைலான் உடை ஆகாது. பருத்தி உடையே வேண்டும். ஓர் அறையில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருத்தல் கூடாது. கலந்த மருந்தை அறையில் குவித்துவைத்தல் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் மூத்த தொழிலாளி ஒருவர் அவருக்குக் கற்பித்த முதற்பாடம், உள்ளே செல்லும் வழிக்கு முன்னர் வெளியே வரும் வழியைப் பார்த்துக்கொள் என்பது. அம்மூத்தவர் பின்னாளில் ஒரு வெடிவிபத்தில் இறந்துபோனார். அதைப் பற்றித் தந்தை வீட்டில் பேசுவதில்லை.

மகள் அமைத்த திட்டத்தில் ஏறும் வழி இருந்தது. இறங்கும் வழி இல்லை. தந்தையும் மகளும் அன்றிரவு அதனை மீண்டும் எழுத அமர்ந்தனர்.

முதலில் எழுந்தது காலம் பற்றிய வினா. தீபாவளி முடிந்ததும் ஆலைகளில் வேலை ஓயும். ஆகவே, அப்போது செல்லலாம் என்றாள் மகள். ஆனால், அது வடகிழக்குப் பருவமழையின் காலம். மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை சிற்றோடைகளாக இறங்கி, ஒரே பாதையில் திரளும். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்குச் செல்லும் பாதை மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை முதலிய இடங்களில் நீர்வழிகளைக் கடந்தே செல்கிறது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டக்கூடும். கணுக்காலளவு ஓடிய தெளிந்த நீர், சிறிது நேரத்தில் செந்நிறம் கொண்டு, சருகும் சுள்ளியும் சுமந்து, ஆளையே புரட்டும் வெள்ளமாகிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வாறு வந்த திடீர் வெள்ளத்தில் சதுரகிரிக்குச் சென்ற பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அது பருவமழைக் காலமன்று, கோடைமழை. ஓடையின் நிறம் மாறினால் கடக்க முயலாமல் கரையேறிக் காத்திருக்க வேண்டும் என்பதே மலைப்பாதை கற்பிக்கும் பாடம்.

அப்படியானால் மாசி, பங்குனியில் செல்லலாமே என்றாள் மகள். அது தீயின் காலம். மழைக்குப்பின் ஆளுயரம் வளர்ந்த புல், அப்போது காய்ந்து திரியாக நிற்கும். சமவெளித் தீயைவிட மலைச்சரிவுத் தீ கொடியது. கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்னரே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. பகலில் சூடான காற்றும் சரிவின் வழியே மேல்நோக்கி வீசுகிறது. ஆகவே, மேலே ஓடுகிற மனிதனைவிடத் தீ விரைவாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. மலையேற்றம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியாயினர். மகிழ்ச்சியோடு பை கட்டிப் புறப்பட்டவர்கள் அவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. 2024இல் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு செல்வதற்கென நாற்பது பாதைகள் வரையறுக்கப்பட்டன.

அடுத்து எழுந்தது, இரவு தங்குதல். சதுரகிரியில் பக்தர்கள் குறித்த நேரத்திற்குள் ஏறத் தொடங்கி, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்பது விதி. மகளுக்கு அது கடுமையாகத் தோன்றியது. அக்காடு யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் அவ்விதி விளங்கும். சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்ப் பகுதிக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது இந்தியாவின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். யானையும் சிறுத்தையும் நீர் தேடி நடக்கும் வழிகள் இருளில் அவற்றுக்கே உரியவை. சரணாலயத்திற்கு ஊறு நேரும் வகையில் தீ மூட்டுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடை செய்கிறது. அடிவாரத்தில் வாழும் பளியர்கள் தேனெடுக்கவும் கிழங்ககழவும் தலைமுறை தலைமுறையாக இக்காட்டில் நடந்தவர்கள். அவர்கள் அறிந்த காட்டினுள் விருந்தினராகச் செல்வோர், விருந்தினருக்குரிய ஒழுங்கோடு செல்வதே முறை.

மகள் மற்றொன்றையும் கேட்டாள். மலை அவ்வளவு பசுமையாக இருக்க, அருகிலேயே உள்ள சிவகாசி மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது? அதற்கு விடையும் அம்மலையே. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் நீரைத் தன் மேற்குச் சரிவில் தடுத்துக் கேரளத்திற்கு அளித்துவிட்டு, வறண்ட காற்றைக் கிழக்கே அனுப்புகிறது மலை. வேளாண்மைக்குப் போதாத அந்த மழைமறைவு நிலம், மருந்தும் குச்சியும் உலர்வதற்கு ஏற்றதாயிற்று. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழில் இம்மண்ணில் வேரூன்றியமைக்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். ஊருக்குத் தீயைப் பிழைப்பாகத் தந்த மலை, தன்மீது தீயைப் பொறுக்காது. தன் மடியில் பெய்த சிறுமழையையும் வைப்பாற்றுக்கும் பிளவக்கல் அணைகளுக்கும் அனுப்பிக் கீழுள்ள வயல்களைக் காப்பது அதுவே. மேலே காடு எரிந்தால் கீழே கிணறு வற்றும்.

நள்ளிரவை நெருங்கும்போது புதிய பட்டியல் உருவாயிற்று. பயணம் தை மாதத்தில். அப்போது பெருமழை ஓய்ந்திருக்கும். ஓடையில் தெளிந்த நீர் இருக்கும். புல் இன்னும் முற்றக் காய்ந்திராது. முதல்நாள் இரவு கூமாப்பட்டியில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துத் தங்குதல். விடியலில் தாணிப்பாறை. வனத்துறை சோதனைச்சாவடியில், பாதை திறந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே ஏறுதல். எவ்வளவு தூரம் சென்றிருந்தாலும் நண்பகலில் திரும்பிவிடுதல். அடுப்பில் சமைத்த புளியோதரை வாழையிலையில், கடலைமிட்டாய் துணிப்பையில், நெகிழிப்பை வேண்டா. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை எழுதி அம்மாவிடம் தருதல்.

கூடாரம், சட்டி, அரிசி, பருப்பு எல்லாம் பட்டியலிலிருந்து நீங்கின. மகளின் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. “மலையில தங்கலேன்னா அது பயணமாப்பா?” என்றாள்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறப்ப உங்கம்மா வாசல்ல நிப்பா, பாத்திருக்கியா? நான் திரும்பி வந்தாத்தான் அவளுக்கு அன்னைக்குப் பொழுது முடியும். போறது மட்டும் பயணம் இல்லம்மா. வீடு வந்து சேரணும்” என்றார்.

மகள் குறிப்பேட்டை எடுத்தாள். பட்டியலின் கடைசி வரியாக, ‘மாலை ஆறு மணி: வீடு’ என்று எழுதினாள்.