முகவரி வேண்டாத அஞ்சல்

நிகழ்ச்சியொன்றை அது நிகழும்போதே வானொலியிற் பரப்புவதை ஈழத்துத் தமிழில் 'நேரடி அஞ்சல்' என வழங்குவர். அஞ்சல் என்னும் சொல் கடிதத்துக்கும் உரியதே. ஆயினும் இவ்விரு அஞ்சல்களுக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. கடிதம் முகவரியை நாடிச் செல்வது. வானொலியின் அஞ்சலுக்கு முகவரி வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டை மரண அறிவித்தலைப்போல் தெளிவாகக் காட்டவல்ல நிகழ்ச்சி வேறில்லை எனலாம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை நெடுங்காலம் ஒலிபரப்பிய அவ்வறிவித்தல்களில் இறந்தவரின் பெயர், ஊர், உறவுமுறைகள், ஈமக்கிரியை நடைபெறும் நேரம் ஆகியன வாசிக்கப்படும். உற்றார், உறவினர், நண்பர் யாவரும் அதனை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டப்படுவர். பருத்தித்துறையிற் காலமானவரைப் பற்றிய செய்தி மட்டக்களப்பிலும் பதுளையிலும் ஒரே கணத்திற் கேட்டது. வீட்டார் மறந்துவிட்ட பழைய நண்பர், இடமாற்றம் பெற்றுச் சென்ற சக ஊழியர், எங்கே தொழில்புரிகிறாரென்று எவரும் அறியாத மாணாக்கர் ஆகிய எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதுவோர் இவர்களுட் பலரை நினைத்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

இது எவ்வாறு இயலுகின்றது? கலையகத்தில் ஒலிவாங்கியின் முன் எழும் குரல் மின்னலைவாக மாற்றப்படுகின்றது. அதன் அதிர்வெண் தாழ்வானதாகையால் வானில் நெடுந்தூரம் பரப்புவதற்கு ஏற்றதன்று. ஆகவே உயர் அதிர்வெண்ணுடைய காவியலை ஒன்றின்மீது அது ஏற்றப்படுகின்றது. குரலுக்கேற்பக் காவியலையின் வீச்சத்தை மாற்றுவது ஒருமுறை. மத்திய அலையும் சிற்றலையும் இம்முறையைச் சார்ந்தன. அதன் அதிர்வெண்ணை மாற்றுவது மற்றொரு முறை. இதுவே பண்பலை எனப்படுகின்றது. அஞ்சற் கோபுரத்தினின்றும் புறப்படும் அலையை, எல்லைக்குட்பட்ட எந்த வானொலிப் பெட்டியும் பெற்றுக் குரலைப் பிரித்தெடுக்கலாம். கேட்பவர் ஒருவராயினும் ஓர் இலட்சம் பேராயினும் கோபுரத்துக்கு ஆகும் மின்செலவு ஒன்றே. கேட்டவர் யாரென்பதையும் கோபுரம் அறியாது.

இலங்கையில் இதற்கான பரிசோதனைகள் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பரினால் 1923இல் ஆரம்பிக்கப்பட்டன. கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு முதலாவது ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என்பர். 1925 டிசெம்பரிற் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அது 1949இல் றேடியோ சிலோன் என்றும், 1967இற் கூட்டுத்தாபனமென்றும் வளர்ந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைத் தவிர்க்க முற்பட்டபோது, இந்தியநேயர் பலர் கொழும்பை நோக்கித் தம் பெட்டிகளைத் திருப்பினர். பௌதிகமும் இதற்குத் துணைநின்றது. உவர்நீர் மின்னை நன்கு கடத்துவதாற் கடல்மேற் செல்லும் மத்திய அலை தரைமேற் செல்வதிலும் குறைவாகவே வலுவிழக்கின்றது. இரவிலோ, பகலில் அதனை உறிஞ்சிவிடும் வளிமண்டலப் படை மறைந்துவிட, மேற்படைகளிற் பட்டுத் திரும்பி மேலும் தூரஞ் செல்கின்றது. மயில்வாகனனின் குரல் தமிழகத்தின் வீடுகளிற் பழகிப்போனமைக்கு அவருடைய திறமையோடு பாக்கு நீரிணையும் ஒரு காரணமாகும்.

பின்வந்த பண்பலையும் தொலைக்காட்சியும் தெளிவைக் கூட்டித் தூரத்தைக் குறைத்தன. அவற்றின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. மலை குறுக்கிட்டால் மறைந்துவிடுவன. 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையில் ஒளிபரப்பியை நிறுவியதன் நியாயம் இதுவே. எனினும், கேட்போரை எண்ணாது எல்லோருக்குமாகப் பரப்புதல் என்னும் அடிப்படை அப்போதும் மாறவில்லை.

அவ்வடிப்படையே இணையத்தில் மாற்றமடைகின்றது. இணையவழி கேட்பவரின் கருவி முதலில் ஒரு வழங்கிக் கணினியிடம் வேண்டுகோள் விடுகின்றது. அவ்வழங்கி குரலைச் சிறு பொதிகளாக்கி அக்கருவியின் முகவரிக்கே அனுப்புகின்றது. பொதுவாக, ஆயிரம் பேர் கேட்பின் ஆயிரம் முறை அனுப்பவேண்டும். நேயர் பெருகப் பெருகச் செலவும் பெருகுகின்றது. யார், எப்போது, எவ்வளவு நேரம் கேட்டார் என்பதும் பதிவாகின்றது. சுருங்கக் கூறின், வானொலியின் அஞ்சல் மீண்டும் கடிதமாகிவிட்டது.

இம்மாற்றத்தாற் கிட்டிய நன்மைகள் அற்பமானவையல்ல. ரொறொன்ரோவில் வாழ்பவர் யாழ்ப்பாணத்துக் குரலைத் தெளிவாகக் கேட்கிறார். தவறவிட்ட நாடகத்தை நள்ளிரவிற் கேட்கிறார். அலைவரிசை அருமையானது, ஆகவே அரசே அதனை ஆளவேண்டும் என்ற பழைய வாதமும் வலுவிழந்துவிட்டது. முன்னைய முறையிற் பேசும் உரிமை கோபுரத்தை உடையவருக்கே இருந்தது என்பதை மறத்தலாகாது. 1990களில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில் மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்வாறு அவர்கள் தேடிய குரல்களுள் லண்டனின் 'தமிழோசை'யும் ஒன்று. உள்ளூர்க் கோபுரங்கள் கூறாதவற்றை அறியும் ஆவலே அவ்வுழைப்புக்குத் தூண்டுதலாயிற்று. 1941இல் ஆரம்பித்த அச்சேவையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நிறுத்தப்பட்டு, இணையத்திற்கு இடந்தந்தது. அதே ஆண்டில் நோர்வே தன் தேசியப் பண்பலைச் சேவைகளைக் கைவிட்டு எண்மிய ஒலிபரப்புக்கு மாறியது.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. நோர்வே அலையின் வடிவத்தை மாற்றியது. எல்லோருக்குமாகப் பரப்பும் முறையை விடவில்லை. கோபுரத்தையே கைவிட்டு இணையத்தை மட்டும் நம்புவதே தீர ஆராயவேண்டியது. டைனமோவைச் சுழற்றியவர் எவரிடமும் அனுமதி கோரவில்லை; எவருடைய பதிவேட்டிலும் இடம்பெறவுமில்லை. அலைகளைக் குழப்பிக் கெடுக்க அரசுகளால் இயலும். ஆயினும் அது இலகுவன்று. மாறாக, 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் இலங்கையிற் சமூக ஊடகங்கள் சில மணிநேரத்துள் தடுக்கப்பட்டன.

இடர்க்காலத்தில் இவ்வேறுபாடு உயிர்சார்ந்ததாகின்றது. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கப்பாற் கடலடி அதிர்ந்தபின், ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. அந்நேரத்தில் நாட்டில் வானொலிகளுக்குக் குறைவிருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறைமையொன்றே இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோபுரம் இருந்தாற் போதாது, அதனூடு உரியவேளையிற் பேசும் கடப்பாடுடைய நிறுவனமும் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று. இடர் முகாமைத்துவத்துக்கான சட்டம் அடுத்த ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எச்சரிக்கை கிட்டினும், யாவரும் ஒரேவேளையில் அழைக்கக் கைப்பேசி வலையமைப்பு நெரிசலுறும். மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டிக்கோ அந்நெரிசல் இல்லை. கைப்பேசிக் கோபுரமும் தன் எல்லைக்குள் நிற்கும் கருவிகள் அனைத்துக்கும் எண் கேளாது ஒரே செய்தியை அனுப்பும் முறை ஒன்றுண்டு. அதுவும் கருவியளவிற் புதிதாயினும் கொள்கையளவிற் பழைய ஒலிபரப்பே.

1996இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கு நினைக்கத்தக்கது. வானொலிக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டதை எதிர்த்து, அதிற் பங்குபற்றிய நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அலைவரிசைகள் பொதுச்சொத்து என்பதை ஏற்ற நீதிமன்றம், அந்நிறுத்தத்தால் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதெனத் தீர்த்தது. வழங்கிக் கணினியின் உரிமையாளர் தம் சேவையை மூடும்போது அத்தகைய வழக்குக்கு இடமுண்டா என்பது ஐயத்துக்குரியது.

எனவே கோபுரங்களைப் பேணுவதா கைவிடுவதா என்னும் கேள்வியை வரவுசெலவுக் கணக்கொன்றினாலே தீர்த்துவிட இயலாது. விரும்பியவர் விரும்பியதைக் கேட்க இணையம் போதுமானது. தான் தேடவேண்டியது எதுவென்றே இன்னும் அறியாதவனுக்குச் செய்தி சொல்லவேண்டிய வேளைகளும் ஒரு சமுதாயத்துக்கு உண்டு. கரையோரத்து மீனவனுக்கும், மண்சரியும் மலையடிவாரத்துத் தோட்டத் தொழிலாளிக்கும், அவரவர் மொழியில், அவர்கள் கேளாமலே சென்றடையும் ஒரு குரலேனும் நிலைபெறுமா என்பதைக் கொண்டே இம்மாற்றத்தின் பயன் மதிப்பிடப்படல் வேண்டும்.