மூன்றாவது பத்தி

நானூறு குதிரைசக்திக்குச் சற்றே குறைந்த இரண்டு கார்களைக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் எங்களுக்கு வாய்க்கும் என்று ஐந்தாண்டுகளுக்கு முன் எவராவது கூறியிருந்தால் சிரித்திருப்போம். இலுப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் அதுவரை நின்ற மிகப் பெரிய வாகனம், எங்களில் மூத்தவனின் திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்த வெள்ளை அம்பாசடர். அதுவும் ஒரு நாள் மட்டும்.

நாங்கள் என்று இங்கே குறிப்பிடுவது இரு சகோதரர்களை. மூத்தவன் ஊரிலேயே தங்கிப் பள்ளி ஆசிரியனானான். இளையவன் 2005இல் துபாய்க்குப் போனான். அங்கே ஒரு முதலாளியின் கார்களை ஓட்டினான். பிறகு இருவரோடு கூட்டுச் சேர்ந்து கார் வாடகைத் தொழில் நடத்தினான். 2024இல் பங்கைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பினான். திரும்பியவன் முதலில் சொன்ன ஆசை கார் வாங்குவது. அந்தக் கார் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தேர்வு இரண்டில் வந்து நின்றது. ஒன்று மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிஎல்சி 43 கூபே. மற்றொன்று பிஎம்டபிள்யூ எம்340ஐ. இரண்டும் 2021ஆம் ஆண்டு மாடல்கள். இரண்டும் மூன்றாண்டு ஓடியவை. இரண்டும் சென்னையில் விற்பனைக்கு நின்றன.

நோட்டின் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்திகளாகப் பிரித்தவன் மூத்தவன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னாளில் ஊரார் கேட்டபோதெல்லாம் 'எல்லாம் தம்பியோட ஆசை' என்று அவன் நழுவிக்கொண்டிருக்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியில் விவரங்களைத் தேடித் தேடி, நீலமும் சிவப்புமாக இரு மைகளில் அட்டவணையை நிரப்பியது அவன் கைதான்.

அந்த இரு கார்களுக்கும் ஒரு வரலாற்று ஒற்றுமை உண்டு. 2020 நவம்பரில் வெளிவந்த ஜிஎல்சி 43 கூபே, மெர்சிடிஸின் அதிவேகப் பிரிவான ஏஎம்ஜியின் பெயரில் இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் கார். புனேவுக்கு அருகில் சாகன் ஆலையில் உருவானது. 2021 மார்ச்சில் வந்த எம்340ஐ, பிஎம்டபிள்யூவின் எம் பெர்ஃபாமன்ஸ் வரிசையில் இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் கார். அது உருவான இடம் செங்கல்பட்டுப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டி. முழுதாக இறக்குமதி செய்தால் வரி விலையை எங்கோ கொண்டுபோய்விடும். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டியதால்தான் அறிமுகத்தின்போது ஒன்று 76.70 லட்சத்துக்கும் மற்றொன்று 62.90 லட்சத்துக்கும் ஷோரூமில் நின்றன. எங்களை வந்தடைந்தபோது அந்த விலைகள் வெகுவாக இறங்கியிருந்தன. சொகுசுக் காரின் மதிப்பு முதல் மூன்றாண்டுகளில் சரிவதைப் போல வேறெதுவும் சரிவதில்லை. எங்களைப் போன்றோர் உள்ளே நுழைவதற்கான வாசலும் அந்தச் சரிவுதான்.

இயந்திரங்களில் வேறுபாடு நுட்பமானது. இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள். கொள்ளளவு மூன்று லிட்டருக்கு நூலிழை குறைவு. மெர்சிடிஸில் அவை மூன்று மூன்றாக ஆங்கில 'வி' எழுத்துப்போல் சாய்ந்திருக்கின்றன, இரண்டு டர்போக்கள், 390 குதிரைசக்தி, 520 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பிஎம்டபிள்யூவில் ஆறும் ஒரே வரிசையில் நிற்கின்றன, டர்போ ஒன்றே, 387 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர். எண்களில் மெர்சிடிஸ் ஒரு மாற்றுக் கூடுதல். ஆனால் அதன் உடல் உயரமும் கனமும் மிக்கது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 4.9 விநாடி, மற்றதற்கு 4.4. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களில் ஒன்றின் உதறலை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் அந்த வகை இயந்திரம் இயல்பிலேயே அதிர்வற்றது. இதை மூத்தவன் படித்துத் தெரிந்துகொண்டான். இளையவன் பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களால் அறிந்திருந்தான்.

உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு 250 கிலோமீட்டர் என்று மின்னணுக் கட்டுப்பாட்டால் நிறுத்தப்பட்டிருக்கிறது. இதை எழுதிய அன்று நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். நம் விரைவுச் சாலைகளில் 120 கிலோமீட்டர் வரை போகலாம் என்று மத்திய அரசு 2018இல் வெளியிட்ட அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. சாலை விபத்தொன்றில் உடல் முடங்கிப்போன ஒருவரின் இழப்பீட்டு வழக்கில் பிறந்த உத்தரவு அது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது கார். அதற்கு மேல் உள்ளதெல்லாம் எங்கள் வாழ்க்கையில் அட்டவணைக்கு மட்டுமே. விராலிமலையில் நாற்கரச் சாலையைத் தொடும்வரை எங்கள் பாதையில் வேகத்தடைகள், ஆடுகள், சாலையோரம் உலரும் கடலை. அரை விநாடி வேறுபாட்டை இலுப்பூரில் எங்கே வைத்து அளப்பது?

ஆயினும் அளந்தோம். ஒரு மாத காலம், இரவு தோறும்.

அந்த ஒரு மாதம் எதற்காக என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2005இல் இளையவன் வெளிநாடு போவதற்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றோம். அன்னவாசல் சாலையில் செம்மண் நிலம். ஒரு கிணறு, நான்கு பனை, வரப்பில் ஒரு இலுப்பை. வாங்கியவர் காலமானபின், 2024 கார்த்திகையில் அவர் மகன் எங்களிடம் வந்தார். 'உங்க பூர்வீகச் சொத்து. வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். தை பொறந்ததும் எழுதிரலாம்' என்றார். அவர் கேட்ட விலை, அந்த இரு கார்களில் விலை குறைந்ததற்குக் கிட்டத்தட்ட சமம்.

நோட்டில் இரண்டு பத்திகளே இருந்தன. மூன்றாவதை நாங்கள் வரையவில்லை. இரண்டு பொருள்களை அவ்வளவு நுணுக்கமாக ஒப்பிடுவது மூன்றாவதைப் பார்க்காமலிருக்க எவ்வளவு நல்ல வழி என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. அல்லது நன்றாகவே விளங்கியிருந்தது.

ஒரே ஒரு இரவு மூத்தவன் கேட்டான்: 'நெலத்தப் பத்தி என்னடா நெனைக்கிற?' இளையவன் நெடுநேரம் கழித்துத்தான் பதில் சொன்னான். 'அண்ணே, பத்தொம்பது வருசம் அடுத்தவனுக்குக் கதவத் தெறந்துவிட்டுட்டு வெயில்ல நின்னுருக்கேன். உள்ள ஏசி ஓடும். அது என் வண்டியில்லண்ணே.' கிணறு வற்றிப் பல ஆண்டுகளாகிவிட்டது, கடலை போட்டாலும் கூலிக்குக்கூடத் தேறாது என்று மூத்தவன் தானாகவே காரணங்களை அடுக்கத் தொடங்கினான். அவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவற்றை அவன் சொன்ன வேகம் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

உறவினர் திருமணத்தை ஒட்டிச் சென்னை போனபோது அம்மாவையும் உடன் அழைத்துக்கொண்டு கார்களைப் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்து அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறித்தோம். வண்ணப்பூச்சின் தடிமனை ஒரு சிறு கருவியால் கதவு கதவாக அளந்தோம். சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். இரண்டிலும் குறை சொல்ல எதுவுமில்லை.

அம்மா மெர்சிடிஸின் பின் இருக்கையில் எளிதாக ஏறி அமர்ந்தார். நாற்காலியின் உயரம் அது. மற்றதன் பின் இருக்கைக்குக் குனிந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'இதுல ஒக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும்ப்பா' என்றார். எங்கள் சாலைக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் உகந்தது எது என்பதில் ஐயமில்லை. அட்டவணையில் அன்றோடு மெர்சிடிஸ் வென்றுவிட்டது.

பிறகு இளையவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிஎம்டபிள்யூவை ஓட்டிக் காட்டினான். வேகமாக ஓட்டவில்லை. ஒரே ஒருமுறை, சாலை வெறிச்சோடிய இடத்தில், கால் விரல்களால் மெல்ல அழுத்தினான். அந்த ஆறும் சேர்ந்து எழுப்பிய ஓசை கரகரப்பற்றது. ஒரே மூச்சில் ஏறும் நாயன ஒலிபோல உயர்ந்து தணிந்தது. அவன் முகத்தை நாங்கள் அப்படி முன்பு பார்த்ததில்லை. காரை நிறுத்தி, சுற்றி வந்து, முன் பக்கத்து இடது கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தி இருக்கையை மேலே உயர்த்தினான். 'அம்மா, நீ இங்க ஒக்காரு' என்றான். சிரமமின்றி அமர்ந்தார். அவனுடைய முதலாளிகள் எவரும் அமர்ந்திராத இடம் அது என்று பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது.

எம்340ஐ வாங்கினோம். அதன் உரிமை மாற்றத்துக்கான 29ஆம், 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுவிட்டு, அது பூட்டப்பட்ட ஆலை இருக்கும் ஜிஎஸ்டி சாலை வழியாகவே அதை ஊருக்கு ஓட்டிவந்தோம். ஊரில் வேகத்தடைகளைக் கோணலாகத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் அடிவயிறு உரசுகிறது. அகன்ற டயர் ஒன்றின் விலையில் ஊரில் ஒரு கறவை மாடே வாங்கலாம் என்கிறார்கள். பழுது என்றால் மாவட்டம் தாண்ட வேண்டும். இவையெல்லாம் அட்டவணையிலேயே இருந்தன.

தை மாதம் நிலம் வேறொருவருக்குப் பத்திரமானது. கல் ஊன்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். பனைகள் இருக்கின்றன, இலுப்பை இல்லை.

மாதம் ஒருமுறை அம்மாவை மருத்துவரிடம் காட்ட அந்த வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகிறோம். வேலி தொடங்கும் இடத்தில் இளையவன் எதுவும் சொல்லாமல் வேகத்தைக் குறைக்கிறான், முப்பதுக்கும் கீழே. பின் இருக்கையில் மூத்தவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, வேலி முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார்.