எந்த மாடு முந்தும்?

திருப்பத்தூர் என்று சொன்னவுடனே, "எந்தத் திருப்பத்தூர்?" என்று கேட்பது தமிழ்நாட்டில் வழக்கம். செட்டிநாட்டுப் பக்கம் ஒன்று இருக்கிறது. ஏலகிரி மலைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தை பிறந்துவிட்டால் இரண்டு சீமைகளிலும் பேச்சு ஒன்றுதான்: மாடு! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செட்டிநாட்டுத் திருப்பத்தூருக்கு அருகே சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டை ஆள் பிடிக்க வேண்டும். நாம் இப்போது போகப் போகும் திருப்பத்தூரில் மாட்டை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அது ஓட வேண்டும். நாம் பார்க்க வேண்டும். எந்த மாடு முந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பக்கத்திலிருப்பவர் நம்மை மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார். அந்த மரியாதையைச் சம்பாதிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சென்னையிலிருந்து மேற்கே ரயிலேறுங்கள். ஆம்பூர் வந்ததும் பிரியாணி நினைவு வரும். கூடவே தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் நினைவும் வரும். வாணியம்பாடியைத் தாண்டினால் ஜோலார்பேட்டை ஜங்ஷன். பெங்களூருக்கும் சேலத்துக்கும் லைன் பிரிகிற இடம். சேலம் பக்கமாகத் திரும்பினால் சற்று நேரத்தில் திருப்பத்தூர். ஒரு பக்கம் ஏலகிரி, மறு பக்கம் ஜவ்வாது மலை, நடுவில் தென்னையும் வயலுமாக ஊர்கள். 2019 நவம்பர் 28-ஆம் தேதி வேலூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து இது தனி ஜில்லா ஆயிற்று. தோலைத் தொட்டுத் தடவித் தரம் சொல்லும் வியாபாரிகள் நிறைந்த வட்டாரம். உயிரோடு நிற்கும் மாட்டைப் பார்த்துத் தரம் சொல்பவர்களுக்கும் இங்கே குறைவில்லை!

இந்தப் பக்கத்து விழாவுக்கு 'எருது விடும் விழா' என்று பெயர். 'மாடு விடுவது' என்றும் சொல்வார்கள். பொங்கலுக்குப் பிறகு ஊருக்கு ஊர் நாள் வைத்து நடத்துவார்கள். ஊர்த் தெருதான் பந்தய மைதானம். இரு புறமும் கட்டை நட்டுத் தடுப்புக் கட்டிவிடுவார்கள். ஒரு கோடியில் மாட்டை விட்டால் மறு கோடியிலுள்ள எல்லைக் கோட்டை அது தாண்ட வேண்டும். ஒவ்வொரு மாடும் தனியாகத்தான் ஓடும். எத்தனை விநாடி ஆயிற்று என்று கணக்கெடுப்பார்கள். குறைந்த நேரத்தில் ஓடிய மாட்டுக்கு முதல் பரிசு. ரொக்கமும் கிடைக்கும், மோட்டார் சைக்கிளும் கிடைக்கும். மோட்டார் சைக்கிளை ஓட்டப்போவது யார் என்று கேட்காதீர்கள். நிச்சயமாக மாடு அல்ல.

இந்த ஓட்டம் நடுவில் நின்று போயிருந்தது. 2014 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், தமிழ்நாடு சட்டசபை புதுச் சட்டம் நிறைவேற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. 2023 மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்போது அனுமதியும், கால்நடை டாக்டரின் பரிசோதனையும், தடுப்பு வேலியும் இருந்தால்தான் மாட்டை விடலாம்.

சரி, மாடுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கொம்பில் வர்ணம், கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம். எதைப் பார்ப்பது?

அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் பல்லைப் பற்றி விசாரியுங்கள். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. சுமார் இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். பிறகு ஜோடி ஜோடியாக வந்து, நாலைந்து வயதில் எட்டும் சேர்ந்துவிடும். இரண்டு பல் மாட்டுக்குத் துள்ளல் அதிகம், நிதானம் போதாது. பல் சேர்ந்த மாட்டுக்குப் பலமும் உண்டு, தெருவைப் பார்த்த அநுபவமும் உண்டு.

அடுத்தது கால். முன்னங்கால்கள் நேராக இறங்க வேண்டும். முட்டி ஒன்றோடொன்று உரசக் கூடாது. குளம்பு பிளந்து விரியாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். நெஞ்சு அகலமாகவும் வயிறு ஏறியும் இருந்தால் நல்லது. பானை வயிற்று மாடு பார்க்க லட்சணமாக இருக்கும். தெருவின் பாதியில் மூச்சு வாங்கும்.

"சுழி பார்க்க வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். தாராளமாகப் பார்க்கலாம். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து நல்லது கெட்டது சொல்வது நம் நாட்டில் பழைய சாஸ்திரம். அது வாங்குகிறவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றியது. மாட்டின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக மாட்டுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை!

மூன்றாவது, குணம். இதுதான் முக்கியம். காதை முன்னே நிமிர்த்தித் தெருவையே பார்த்துக் கொண்டிருக்கும் மாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை விழி தெரிய, கயிற்றை இழுத்து, வாயில் நுரை தள்ளிச் சுற்றிச் சுற்றி வருகிற மாட்டைப் பார்த்து ஜனங்கள், "ஆஹா, என்ன வேகம்!" என்பார்கள். அது வேகமல்ல, பயம். தன் பலத்தில் பாதியை அது நிற்கிற இடத்திலேயே செலவழித்துவிடுகிறது.

நாலாவதாக, மாட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. வாலுக்கு நேர் பின்னால் தவிர ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் ஆழம் அளக்கும் சக்தி குறைவு. ஆகவே தெருவின் குறுக்கே விழுந்த நிழல், ஈரத் திட்டு, காற்றில் படபடக்கும் துணி எல்லாம் அதற்குப் பள்ளமாகவோ ஆபத்தாகவோ தோன்றும். சிவப்புத் துணி என்றால் மிரளும் என்பது கட்டுக்கதை. ஆடுகிற துணி எந்த நிறமானாலும் மிரளும். ஒரு மாடு விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அரை விநாடி தயங்கினால் 5 மீட்டர் போயிற்று! முதல் பரிசும் அதோடு போகலாம்.

இங்கேதான் நாம் கடல் கடந்து ஒரு நிமிஷம் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே தடை தாண்டும் குதிரைப் பந்தயம் என்று ஒன்று உண்டு. 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர், ஒரு மாதாகோயில் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரம் வரை வேலி, வாய்க்கால் எல்லாம் தாண்டிப் போட்டியிட்டதில் தொடங்கியது என்பார்கள். அதில் பேர் பெற்றது லிவர்பூலுக்கு அருகே நடக்கும் 'கிராண்ட் நேஷனல்'. நாலு மைலுக்கு மேல் ஓட்டம்; 30 தடைகள். 1967-ல், 23-வது தடையில், மேலே ஆளில்லாமல் ஓடிய குதிரை ஒன்று குறுக்கே திரும்பிவிட்டது. முன்னணிக் குதிரைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்றன. வெகு தூரம் பின்னால் வந்த ஃபோய்னவன் என்ற குதிரை சந்தில் புகுந்து தாண்டி ஜெயித்துவிட்டது. அதற்கு இருந்த மதிப்பு ஒன்றுக்கு நூறு! அன்றைக்கு நிபுணர்களின் கணக்கைப் பொய்யாக்கியது தடையல்ல. தடைக்கு முன்னே சேர்ந்த நெரிசல்.

நம் எருது ஓட்டத்தில் வேலியும் வாய்க்காலும் கிடையாது. ஆனாலும் தடை உண்டு. அது யார் தெரியுமா? நீங்களும் நானும்தான்! தடுப்புக்கு உள்ளே இறங்கி, தெருவின் இரு பக்கமும் சுவர் போல நின்று, மாடு வரும்போது விலகி, முதுகில் ஒரு தட்டுத் தட்டும் இளைஞர் கூட்டம்தான் அந்தத் தடை. தட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பு. உண்மையில் மாடு தட்டிய பக்கத்திலிருந்து விலகி மறு பக்கம் பாய்கிறது. அந்தப் பக்கம் நிற்பவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் முடிந்துவிட்டது என்று மாட்டுக்குத் தெரியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும். வேடிக்கை பார்க்க அங்கே கூடி நிற்பவர்களும், வயலில் திறந்து கிடக்கும் கிணறும்தான் அப்போது எதிரே வரும். மாட்டு ஓட்டத்தில் ஆட்களும் மாடுகளும் செத்துப்போன செய்தியை நாம் தை மாசியில் படித்து வருகிறோம்.

வருஷம் முழுவதும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து, ஏரியில் நீந்தவிட்டு, தன் பிள்ளைக்குச் சமமாக ஒரு குடும்பம் அந்த மாட்டை வளர்த்திருக்கிறது. அந்த உழைப்பெல்லாம் சில விநாடிகளில் தீர்மானமாகிறது. நடுவில் நின்று அதைக் கெடுக்க நமக்கு என்ன பாத்தியதை?

ஆகவே, ஜெயிக்கும் மாட்டைச் சொல்வதற்குச் சுருக்கமான வழி இதோ: பல் சேர்ந்ததாய், கால் நேரானதாய், அமைதியானதாய் ஒரு மாட்டைப் பாருங்கள். அது ஓடும்போது தெரு காலியாக இருக்குமா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் துணிந்து சொல்லுங்கள்.

"பணம் கட்டலாமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்பது காதில் விழுகிறது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாக அவர் ஆதாரமும் காட்டுவார். உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு குதிரைக்கு, மாட்டுக்கு அல்ல. கட்டுகிற பணத்தை வீட்டு அம்மாளிடம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பந்தயத்தில் தோல்வியே கிடையாது.

அடுத்த தையில் திருப்பத்தூர்ப் பக்கம் போனால் தடுப்புக்கு வெளியே, மொட்டை மாடியோ திண்ணையோ கிடைத்தால் ஏறி நின்றுகொள்ளுங்கள். குழந்தைகளைத் தெருவோரம் விடாதீர்கள். நீங்கள் சொன்ன மாடு முந்தினால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். முந்தாவிட்டால், "கூட்டம் கெடுத்துவிட்டது!" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை என்றால் சரி!