யூஸர் யார்?

டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் துணிக்குப் பூ வரைகிற படிப்பு என்றுதான் நினைக்கிறார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற சொந்தக்காரர்கள் ஜாக்கெட்டுக்கு மாடல் கேட்டிருக்கிறார்கள். நான் படிப்பது புராடக்ட் டிசைன். சொம்பு, நாற்காலி, களைக்கொத்து, மிஷின் என்று மனிதக் கை படுகிற எதையும் வடிவமைக்கிற படிப்பு. ‘கை படுகிற’ என்று எழுதும்போதே இதைப் படிக்கிற தோழர்களுக்குப் புரிந்திருக்கும். எந்தக் கை எதில் படலாம், எதில் படக்கூடாது என்று சட்டம் எழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்த நாடு இது. இங்கே பொருளை வடிவமைக்கிற படிப்பு, சாதி என்ற ஒரு சொல் இல்லாமலேயே வருஷக்கணக்கில் நடக்கிறது.

படிப்பின் செய்முறை எளிமையானதுதான். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் முதல் கேள்வி, யூஸர் யார்? அதாவது உபயோகிப்பவர் யார். அவரிடம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு எங்கே வலிக்கிறது, எங்கே நேரம் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு படம், அட்டையில் மாதிரி, மாதிரியை அவர் கையில் கொடுத்துப் பார்ப்பது, உடைத்துவிட்டு மறுபடி செய்வது. இந்த முறையோடு எனக்குச் சண்டை கிடையாது. நல்ல முறை. என் சண்டை அந்த முதல் கேள்வியோடு.

முதல் வருஷத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அலசச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஓர் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார்கள். டிசைன் படிக்கிறவர்களுக்கு அது வேதம் மாதிரி. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர், நாற்காலி வடிவமைப்பில் பேர் போனவர்கள், இந்திய அரசின் அழைப்பில் வந்து ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958இல் எழுதிக் கொடுத்தது. அதன் அடிப்படையில்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. (நான் படிப்பது அங்கே இல்லை, வேறோர் இடம்.) இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே சொம்புதான் உயர்ந்தது, அழகானது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். புதிதாக ஒரு சொம்பை வடிவமைப்பதென்றால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தூக்குகிற கை எவ்வளவு பெரிது, தலையில் வைக்கிறாளா இடுப்பிலா, சாய்த்தால் எப்படி ஊற்றும், வெயிலில் எப்படி மின்னும், பழசானால் என்ன விலைக்குப் போகும், அதை ஒருவருக்குக் கொடுக்கும்போது மனசு எப்படி இருக்கும் என்பது வரைக்கும். படிக்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற பெண்களைக்கூட அவர்கள் விடவில்லை.

ஆனால் யாருக்கு அந்தச் சொம்பைக் கொடுக்க மாட்டார்கள் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. வெள்ளைக்காரர்கள், வந்து போனவர்கள், அவர்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர்களுக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950இல் வந்தாயிற்று. அறிக்கைக்கு மூன்று வருஷம் முன்னால், 1955இல், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்திருக்கிறது. ஓட்டலில் வைத்திருக்கிற பாத்திரங்களைச் சாதியைச் சொல்லித் தர மறுத்தால் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. பாத்திரத்தில் சாதி இருக்கிறது என்று பாராளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது.

நான் அலச எடுத்துக்கொண்டது கொட்டாங்கச்சி.

கூடப் படிக்கிறவர்கள் பித்தளைச் சொம்பு, ஊறுகாய் ஜாடி, பாட்டியின் வெற்றிலைப்பெட்டி என்று கொண்டு வந்தார்கள். எல்லாம் வீட்டு மரத்தடியிலும் பரணிலும் இருந்தவை. என் ஆயா, கழனி வேலைக்குப் போன இடத்தில் கூழும் தண்ணீரும் வாங்கிக் குடித்தது கொட்டாங்கச்சியில்தான். ஈம்ஸ் பட்டியலையே எடுத்து ஒவ்வொரு கேள்வியாக அதனிடம் கேட்டேன். விலை: ஒன்றுமில்லை. பழசானால் என்ன கிடைக்கும்: ஒன்றுமில்லை, அடுப்புக்குப் போகும். எங்கே வைப்பது: ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகை எறவாணத்தில் செருகி வைக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஊற்றும் விதம்: மேலே இருந்து, படாமல். முக்கியமான ஒன்றை ஆயாவோடு உட்கார்ந்து பேசும்போதுதான் கவனித்தேன். கொட்டாங்கச்சிக்கு அடிப்பாகம் உருண்டை. அதைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். வாங்கியவர் குந்தியபடியே, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போக வேண்டும். நடுவில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேச முடியாது. உட்கார்ந்து ஆற அமரக் குடிக்கிற மரியாதையை அந்த வடிவமே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. தென்னைமரம் செய்த வடிவம்தான் அது. தேர்ந்தெடுத்தது மரம் இல்லை.

அதன் பக்கத்திலேயே எங்கள் ஊர் டீக்கடையையும் வரைந்து வைத்தேன். முதலில் தனிக் கிளாஸ், கழுவி வெளியே கம்பில் மாட்டி வைக்க வேண்டும். இரட்டைக் குவளைக்கு எதிராக அமைப்புகள் போராட ஆரம்பித்து, கலெக்டருக்கு மனு போனதும், கடைக்காரர் பிளாஸ்டிக் கப்புக்கு மாறிவிட்டார். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு பிளாஸ்டிக். கேட்டால், ‘சுத்தமா இருக்கட்டும்னுதான்’. குடித்துவிட்டு நசுக்கி எறிந்துவிட்டால் சாட்சியும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. கடைக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதக் கப் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்புக்கும் தடைதான். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்! கொட்டாங்கச்சி, தனிக் கிளாஸ், பிளாஸ்டிக், காகிதம் என்று மூன்று தடவை டிசைன் மாறியிருக்கிறது. மாறாத ஒன்று மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மதிப்பெண் போட வந்தவர்கள் கவனமாகத்தான் கேட்டார்கள். ஒருவர், நல்ல உழைப்பு, ஆனால் இது டிசைன் இல்லை, சமூகவியல் என்றார். வெற்றிலைப்பெட்டியை அப்படி யாரும் சொல்லவில்லை. அது பாரம்பரியம்.

இரண்டாவது வருஷத்தில் களைக்கொத்துக்குப் பிடி போடுகிற வேலை எடுத்தேன். இந்திய உடம்புகளின் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய புத்தகம் ஒன்று 1997இல் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அம்மாவின் முழங்கை உயரத்தை அளந்து நீளப்பிடி போட்டுக் கொடுத்தேன். அம்மா ரெண்டு பாத்தி வெட்டிவிட்டுச் சொன்னது: ‘இடுப்புக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா நின்னுகிட்டு களை வெட்டுனா, சும்மா நிக்கிறன்னு கூலியப் புடிச்சிக்குவான்.’ கலிபோர்னியாவில் மெக்சிகோ தொழிலாளர்களுக்குக் குட்டைப்பிடிக் களைக்கொத்துதான் கொடுத்து வந்தார்கள். குனியாமல் யார் நிற்கிறான் என்று கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். முதுகெலும்பு போன பிறகு, வழக்குப் போட்டு, 1975இல் அதற்குத் தடை வாங்கினார்கள். பிடி எவ்வளவு நீளம் என்பது கையை மட்டும் அளந்து முடிவாகிற விஷயமில்லை.

கடைசி வருஷத்து வேலை மல்லாட்டை.

வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். நமக்கு மணிலாக்கொட்டை, வாயில் தேய்ந்து மல்லாட்டை. தென்னாற்காட்டு மல்லாட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்சேய் போயிருக்கிறது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாடு முழுக்கத் தெரிந்த ரகங்களில் அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. ரகத்துக்குப் பெயர் உண்டு. உடைக்கிற விரலுக்குப் பெயர் கிடையாது.

எண்ணெய்க்குப் போகிறதை மிஷினில் உடைத்துவிடுவார்கள். விதைக்கு மட்டும் கை வேண்டும். பருப்பு பிளந்தாலோ, மேல் தோல் உரிந்தாலோ முளைக்காது. உடைத்து ரொம்ப நாள் வைத்திருந்தாலும் முளைப்பு குறையும். அதனால் மார்கழிப் பட்டத்துக்கு முன்னால், கார்த்திகையில், காலனிப் பெண்கள் மொத்தமாகக் குந்தி உடைப்பார்கள். படிக்கு இவ்வளவு என்று கூலி. மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கெடுத்தேன். அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோ பருப்பு, கொஞ்சம் முன்னே பின்னே. மத்தியானத்துக்கு மேல் கட்டைவிரல் நகக்கண் வெடித்துவிடும். வலி தாங்காமல் ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்து ஊற வைப்பார்கள். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அதிலிருந்துதான் வருகிறது. அதற்கும் திட்டு இவர்களுக்குத்தான்.

ஜாக் பிராண்டிஸ் என்று ஒருவர், அமெரிக்காவில் சினிமாவுக்கு லைட் போடுகிற வேலை பார்த்தவர், 2001இல் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போனபோது இதே விரல்களைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி சிமெண்டிலேயே ஒரு மிஷின் செய்தார். ஒரு கூம்புக்குள் இன்னொரு கூம்பு. மேலே இடைவெளி அகலம், கீழே குறுகல், கையால் சுற்ற வேண்டும். ஓடு உடைகிற இடத்துக்கு வந்ததும் பருப்பு கீழே விழுந்துவிடும். அதை எடுத்துத்தான் நான் தொடங்கினேன், விதைக்குத் தோதாக மாற்ற.

தகர அச்சும் தண்டும் கைப்பிடியும் விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறையில் செய்தேன். விழுப்புரம் போகிறேன் என்றால் ஆயா இன்றைக்கும், ‘பொழுதோட வந்துடு’ என்பாள். 1978 ஜூலையில் அங்கே நம் மக்கள் 12 பேரைக் கொன்றார்கள். இவளுக்கு அந்த ஊர் அங்கேயே நின்றுவிட்டது. பட்டறைக்காரர் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: ‘ஊரா, காலனியா?’ காலனி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தண்டுக்கு பேரிங் எந்த சைஸ் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவரும் நானும் ஒரே மாதிரி கிளாஸில்தான் டீ குடித்தோம். இதையும் எழுத வேண்டும்.

முதல் கூம்பில் 100 பருப்புக்கு 18 உடைந்தது. உள்பக்கம் பழைய டயர் டியூபை வெட்டி ஒட்டி, இடைவெளியைத் திருகு வைத்துக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மாற்றினேன். 7 ஆயிற்று. அம்மா கையில் 2. ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பும் பார்த்தோம், கைக்கும் மிஷினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய படங்கள் எல்லாம் தயார்.

அப்போதுதான் எதிர்வீட்டு அத்தை கேட்டாள்: ‘இத எவன் வூட்ல வைக்கப் போற?’

மிஷினைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நிலத்துக்காரர் வாங்கினால், கார்த்திகையில் காலனிக்கு வருகிற கூலி அத்தோடு நின்றது. ரெண்டு பேர் சுற்றினால் போதும், இருபது பேர் வேண்டாம். விரலின் வலி போகும், விரலுக்கு வேலையும் போகும். யூஸர் யார் என்றால் அம்மா. யாருக்கு லாபம் என்றால் அம்மா இல்லை. என் படத்தாளில் யூஸருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சொந்தக்காரருக்குக் கட்டம் இல்லை. நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

பெண்கள் ராத்திரியில் கூடிப் பேசினார்கள். நான் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். மிஷின் சங்கத்துப் பெயரில் இருக்கும், விற்பதில்லை. மல்லாட்டையைக் காலனிக்குக் கொண்டுவந்து போட்டால் மூட்டைக் கணக்கில் உடைத்துத் தருவோம். ‘சேரிக்கு அனுப்புவாங்களாடி விதைய?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘ஒடைக்கிறது நம்ம கை, முளைக்கலன்னா வரச்சொல்லு’ என்றாள் அத்தை. அப்படியும் அனுப்பவில்லை என்றால் களத்துக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். சிமெண்ட் கூம்பு கனம், ரெண்டு பெண்கள் தூக்க முடியாது. அதனால் இப்போது கூம்பை மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் ஒருத்தி சும்மாட்டில் வைத்துத் தூக்கும் கனத்துக்கு. அம்மாவின் தலையில் செங்கல் அடுக்கி எவ்வளவு என்று பார்த்தாயிற்று.

முதல் ஆளாக மூன்று மூட்டை கொண்டுவந்து போட்டவர் ஊர்த்தெருவில் இல்லை. நம் காலனியில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருப்பவர். நிலத்துக்காரர் ஒருவர் ஆள் விட்டு மிஷின் என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கில்லை என்று அத்தையே பதில் சொல்லி அனுப்பினாள். கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது.