சரின்னு போட்டுக்கோ

ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குழாய்களை நினைத்துக்கொண்டு போனேன். உளவியல் துறையில் இருந்தவை, நினைவாற்றலைச் சோதிக்கும் சுழல் உருளை, கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பலகை, இரண்டு கம்ப்யூட்டர். முதுகலை படிக்கும்போது ஓர் ஆய்வுத் திட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, பெண்ணாடத்துக்காரி, ஊர்ப் பெண்களிடம் பேசத் தெரியும் என்பதற்காக. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

கையில் கொடுத்தது ரோசன்பெர்க்கின் சுயமதிப்பு அளவுகோல். பத்தே வாக்கியங்கள். ஐந்து தன்னை மெச்சுபவை, ஐந்து குறைத்துச் சொல்பவை. ஒவ்வொன்றுக்கும் சம்மதத்தின் அளவைக் காட்ட நான்கு கட்டங்கள். 1965இல் வெளிவந்த இது, நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 5,024 மாணவர்களிடம் கேட்டு உருவானது. அதைத் தமிழாக்குவது என் வேலை. சரியா என்று பார்க்க இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். சுயமதிப்பு என்ற சொல் எங்கள் தெருவில் கிடையாது. மானம் உண்டு, மரியாதை உண்டு, திமிர் உண்டு. தன்னை நல்லவிதமாக நினைக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது மூன்றாவது.

ஒத்திகைக்கு முதலில் அம்மாவிடம் கேட்டேன். மற்றவர்களுக்குத் தான் குறைந்தவளில்லை என்பதற்கும் சரி, தான் எதற்கும் உதவாதவள் என்பதற்கும் சரி. "எல்லாத்துக்கும் சரின்னு போட்டுக்கோம்மா, அடுப்புல ஒல கொதிக்குது." கரும்புக்குக் களை எடுத்துவிட்டு வந்த பெண்களில் பலரும் அப்படியே. "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று விசாரித்தார்கள், அப்புறம் பத்துக்கும் சரி. கூட்டினால் 30க்கு 15. அச்சுப் பிசகாமல் நடுவில் நிற்கும் சுயமதிப்பு!

கேட்பவர் மனம் கோணாமல் தலையாட்டும் இந்தப் பழக்கத்துக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு. ஆகவே அந்தத் தாள்களை நீக்கிவிட முடிவாயிற்று. மறுநாள் காலையில் ரப்பர் பேண்டு போட்ட கட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. முடிவு முந்தைய சாயங்காலம் டீக்கடையில் எடுக்கப்பட்டது. நான் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, விருத்தாசலத்தில் மாறி, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை. பஸ்தான் சொன்னது.

டிச்னர் 1904இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவைப் பற்றிப் பிறகு படித்தேன். பெண்களுக்கு இடமில்லை, ஆண்கள் சுருட்டுப் புகைத்தபடி மனம்விட்டுப் பேச வேண்டுமாம். அவரிடமே 1894இல் முனைவர் பட்டம் பெற்ற மார்கரெட் வாஷ்பர்னும் வெளியேதான். கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டை போட்டார். டிச்னர் 1927இல் இறந்தபின்தான் கதவு திறந்தது. எனக்குச் சுருட்டுக்குப் பதில் டீ.

கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். இந்த முறை சம்மதமா என்று அம்மாவைக் கேட்கவில்லை. எப்போது அப்படித் தோன்றியது என்று கேட்டேன். "கொழுக் கணக்க நான்தான் எழுதறன். ஒரு ரூவா ஒதைக்காது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒங்கக்கா கல்யாணப் பேச்சுல என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல." இரண்டுக்கும் தாளில் கட்டம் இல்லை. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மற்ற பெண்களிடமும் போனேன்.

தாள்களைப் பின்பக்கம் மேலே தெரியும்படி வழிகாட்டியின் மேசையில் வைத்து, இனிப் பேச்சைக் காலை பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டு முறை யாரும் வரவில்லை. மூன்றாம் முறை இரண்டு பேர் வந்தார்கள். டீ வாங்க நான் போகவில்லை.